ஒரே அளவு நிகோடினுக்கு எலி ஏன் நாளுக்கு நாள் அதிகமாக ஓடுகிறது: மூளை ஏற்பிகளில் எதற்கு என்ன பங்கு?

மருந்தியல் படிக்கும் ஒரு மாணவரின் கேள்வி இது: "எலிக்குத் தினமும் ஒரே அளவு நிகோடின் கொடுத்தால், பழகிப்போய் அதன் விளைவு குறையும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் எலியின் ஓட்டம் நாளுக்கு நாள் கூடுகிறது. இதற்கு ஆல்ஃபா4பீட்டா2 ஏற்பிதான் காரணம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. இன்னொன்று ஆல்ஃபா7 என்கிறது. மூளையில் ஏற்பிகளின் எண்ணிக்கை பெருகுவதுதான் காரணம் என்கிறது மூன்றாவது. எதை எடுத்துக்கொள்வது?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே அளவுக்கு விளைவு நாளுக்கு நாள் கூடுவதைக் கூருணர்வு என்பார்கள். நிகோடின் வந்து பிணையும் நரம்பணுப் புரதங்கள்தான் ஏற்பிகள், ஆல்ஃபா4, பீட்டா2, ஆல்ஃபா7 என்பவை அவற்றைக் கட்டும் துண்டுகளின், அதாவது துணையலகுகளின் பெயர்கள். பீட்டா2 துணையலகு உள்ள ஏற்பிகள் இல்லாமல் இந்தக் கூருணர்வு நிகழாது, நிகழ்ந்தபின் வெளிப்படவும் செய்யாது. ஆல்ஃபா7 ஏற்பியின் பங்கு, இருந்தால், தொடக்க நாட்களில்தான் இருக்கிறது. ஏற்பிகளின் எண்ணிக்கை பெருகுவது உண்மைதான், ஆனால் அதை இதற்குக் காரணமாகக் காட்டுவது பலவீனமான விளக்கம். நீங்கள் படித்த கட்டுரைகள் முரண்படுவதுபோலத் தெரிவதற்குப் பெரிய காரணம், கூருணர்வு உருவாவதையும் உருவான கூருணர்வு வெளிப்படுவதையும் அவை ஒரே பெயரில் பேசுவதுதான். இவை இரண்டும் வேறு வேறு நிகழ்வுகள், மூளையில் நடக்கும் இடங்களும் பெரும்பாலும் வேறு.

சோதனைக் கூண்டில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்ப்போம். கூண்டின் சுவர்களுக்கு இடையே அகச்சிவப்புக் கதிர்கள் பாய்கின்றன. எலி நகர்ந்து ஒரு கதிரை மறைக்கும் ஒவ்வொரு முறையும் கணினி ஒன்று எண்ணிக்கொள்ளும். நிகோடினையே அறியாத எலிக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.4 மில்லிகிராம் வீதம் தோலடியில் ஊசி போட்டால், முதல் நாள் அது ஓடாது. வயிற்றைத் தரையில் பதித்துப் படுத்துவிடும், நடந்தாலும் கால்கள் தள்ளாடும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சுறுசுறுப்பு மெல்லத் தலைகாட்டும். அடுத்தடுத்த நாட்களில் அந்தப் படுக்கை குறைந்துகொண்டே வரும். ஒரு வாரத்துக்குள், ஊசி போட்டுக் கூண்டில் விட்ட சில நிமிடங்களிலேயே எலி மூலைக்கு மூலை ஓடத் தொடங்கிவிடும். இத்தனைக்கும் கொடுத்த அளவு மாறவே இல்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முதல் நாளின் தளர்ச்சி மறைவது ஒரு மாற்றம். அது பழக்கப்படுதல், அதாவது சகிப்புத்தன்மை. ஓட்டம் கூடுவது இன்னொரு மாற்றம். கிளார்க்கும் குமாரும் 1983-இலேயே இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். வெறும் ஓட்ட எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு "கூருணர்வு வந்துவிட்டது" என்று எழுதினால், அதில் எவ்வளவு தளர்ச்சி நீங்கியதால் வந்தது, எவ்வளவு உண்மையிலேயே கூடியது என்று தெரியாது. பென்வெல்லும் பால்ஃபரும் 1992-இல் வெளியிட்ட வேலை இதனால்தான் முக்கியமானது. நிகோடினைத் திரும்பத் திரும்பப் பெற்ற எலிகளில், ஓட்டம் கூடுவதோடு, மூளையின் வெகுமதிப் பகுதியான நியூக்ளியஸ் அக்கம்பென்ஸில் டோபமின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளின் வெளியீடும் கூடியதை அவர்கள் காட்டினார்கள். தளர்ச்சி நீங்கியதை மட்டும் வைத்து அந்த டோபமின் உயர்வை விளக்க முடியாது.

சரி, ஏற்பிகளுக்கு வருவோம். நிகோடின் ஏற்பி என்பது ஐந்து துணையலகுகள் வட்டமாகக் கூடி நடுவில் ஒரு துளை விட்ட புரதம். மூளை தானே சுரக்கும் அசிட்டைல்கோலினோ வெளியிலிருந்து வரும் நிகோடினோ வந்து பிணைந்தால் துளை திறக்கும், சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும். எந்தத் துணையலகுகள் கூடுகின்றன என்பதைப் பொறுத்து நான்கு குணங்கள் மாறும்: எவ்வளவு குறைந்த நிகோடினுக்குத் திறக்கும், எவ்வளவு கால்சியத்தை விடும், எவ்வளவு சீக்கிரம் மரத்துப்போகும் (நிகோடின் இருந்தும் திறக்காமல் நின்றுவிடும்), நியூரானின் எந்தப் பாகத்தில் போய் உட்காரும். இந்தக் கேள்விக்கு விடை முழுக்க இந்த நான்கில்தான் இருக்கிறது.

ஆல்ஃபா4பீட்டா2 மூளையில் மிகப் பரவலானது, மிகக் குறைந்த செறிவுக்கே நிகோடினைப் பிடித்துக்கொள்ளும். 2006-இல் பிராடி குழு பெட் ஸ்கேன் மூலம் காட்டிய ஒரு விஷயம் இன்றும் வியக்க வைக்கிறது. சிகரெட்டை ஒன்றிரண்டு முறை இழுத்தாலே மனித மூளையில் இந்த ஏற்பிகளில் பாதியை நிகோடின் பிடித்துக்கொள்கிறது, அந்தப் பிடி சுமார் 3 மணி நேரம் நீடிக்கிறது. முழு சிகரெட் என்றால் 88 சதவீதத்துக்கும் மேல். அதற்கு நேரெதிர் ஆல்ஃபா7. அதைத் திறக்க நிகோடின் நிறைய வேண்டும், திறந்தவுடனே மூடிக்கொள்ளும், ஆனால் அந்தச் சிறு நேரத்துக்குள் கால்சியத்தைத் தாராளமாக விட்டுவிடும்.

பீட்டா2 தான் அடிப்படை என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், மிக வேறுபட்ட வழிகளில் செய்த சோதனைகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்வதுதான். 1998-இல் பிச்சியோட்டோ குழு, பீட்டா2 மரபணு நீக்கிய சுண்டெலிகள் நிகோடினைத் தாமே செலுத்திக்கொள்ள ஆர்வம் காட்டுவதில்லை, அவற்றில் நிகோடின் டோபமினை உயர்த்துவதும் இல்லை என்று காட்டியது. 2005-இல் மாஸ்கோஸ் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. அப்படிப்பட்ட சுண்டெலிகளின் வெண்ட்ரல் டெக்மெண்டல் பகுதியில், சுருக்கமாக விடிஏவில் மட்டும், வைரஸ் வழியாகப் பீட்டா2 மரபணுவைத் திரும்ப வைத்தார்கள். நிகோடினின் ஈர்ப்பு திரும்பி வந்தது. மூளை முழுக்கப் பீட்டா2 இல்லாவிட்டாலும், டோபமின் நியூரான்கள் இருக்கும் அந்தச் சிறு பகுதியில் இருந்தாலே போதும் என்பது இதன் பொருள்.

கூருணர்வுக்கு நேரடியாகப் பொருந்தும் சான்று 2004-இல் டாப்பர் குழுவிடமிருந்து வந்தது. அவர்கள் எதிர்த் திசையில் போனார்கள். ஏற்பியை நீக்காமல், ஆல்ஃபா4 துணையலகில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றி, நிகோடினுக்கு மிகையாகத் திறக்கும் ஏற்பியைச் சுண்டெலிக்குக் கொடுத்தார்கள். சாதாரணச் சுண்டெலியில் எதுவுமே செய்யாத சிறு அளவு நிகோடின், இந்தச் சுண்டெலிகளில் ஈர்ப்பு, சகிப்புத்தன்மை, கூருணர்வு மூன்றையும் உண்டாக்கியது. அந்த அளவு நிகோடினுக்கு மற்ற ஏற்பிகள் அசைந்துகூடக் கொடுக்காது. ஆகவே ஆல்ஃபா4 உள்ள ஏற்பிகளைத் தட்டினாலே கூருணர்வுக்குப் போதும். நீக்கினால் விளைவு போகிறது, கூர்மையாக்கினால் விளைவு வருகிறது. தேவை, போதுமானது என்ற இரண்டு நிபந்தனைகளும் இப்படிச் சேர்ந்து நிறைவேறுவது நடத்தை ஆய்வுகளில் அடிக்கடி கிடைப்பதில்லை.

உருவான கூருணர்வு வெளிப்படும் கட்டத்திலும் இதே கதைதான். ஏற்கெனவே கூருணர்வு பெற்ற எலிகளுக்கு, நிகோடின் ஊசிக்குச் சற்று முன் டைஹைட்ரோ-பீட்டா-எரித்ராய்டின் கொடுத்தால் ஓட்டம் அடங்கிவிடுகிறது. இது பெரும்பாலும் பீட்டா2 வகையைத் தடுக்கும் மருந்து. ஆல்ஃபா7-ஐத் தடுக்கும் மெதில்லைகாகோனிட்டின் கொடுத்தால் ஓட்டத்தில் மாற்றம் இல்லை. 2000-இல் கிராட்டிக் குழு காட்டியது இதுதான். அதே ஆண்டில் கெம்ப்சில், பிராட் இருவரும், எல்லா வகையையும் தடுக்கும் மெகாமைலமின் கூருணர்வு ஓட்டத்தை அடக்குகிறது, ஆல்ஃபா7-ஐப் பிடிக்கும் ஆல்ஃபா-பங்காரோடாக்சின் அடக்கவில்லை என்று எழுதினார்கள். உங்கள் முதல் கட்டுரை அநேகமாக இந்த வரிசையைச் சேர்ந்தது.

அப்படியானால் ஆல்ஃபா7 எங்கே வருகிறது? இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், குழப்பம் முழுக்க இங்கேதான். விடிஏவில் டோபமின் நியூரான்களுக்கு இரண்டு பக்கத்திலிருந்து செய்தி வருகிறது. உசுப்பிவிடும் குளுட்டமேட் ஒரு பக்கம், அடக்கிவைக்கும் காபா மறுபக்கம். குளுட்டமேட் நரம்பு முனைகளில் ஆல்ஃபா7 ஏற்பிகள் நிறைய. காபா நியூரான்களில் இருப்பவை பெரும்பாலும் ஆல்ஃபா4பீட்டா2. நிகோடின் வந்ததும் இரண்டுமே திறக்கும். ஆனால் புகைப்பவரின் இரத்தத்தில் இருக்கும் அளவு நிகோடின் சில நிமிடங்கள் தொடர்ந்து நின்றால், காபா பக்கத்து ஏற்பிகள் மரத்துப்போகும். ஆல்ஃபா7-க்கு அந்த அளவு மிகக் குறைவு என்பதால் அது அவ்வளவாக மரத்துப்போவதில்லை. அடக்குமுறை தளர்கிறது, உசுப்பல் நீடிக்கிறது. மான்ஸ்வெல்டரும் மெக்கிஹீயும் 2000, 2002 ஆண்டுகளில் மூளைத் துண்டுகளில் மின்முனை வைத்து இதைக் காட்டினார்கள். குளுட்டமேட் இணைப்புகள் நீண்ட நேரம் வலுவடைந்தே நிற்பதையும் அதே வேலையில் பார்த்தார்கள். அதற்கு ஆல்ஃபா7 தேவைப்பட்டது, குளுட்டமேட்டைப் பிடிக்கும் ஏற்பி வகைகளில் ஒன்றான என்எம்டிஏ ஏற்பியும் தேவைப்பட்டது.

என்எம்டிஏ ஏற்பி திறக்க, குளுட்டமேட் வந்தால் மட்டும் போதாது. அதே கணத்தில் டோபமின் நியூரானின் மின்னழுத்தமும் உயர்ந்திருக்க வேண்டும். அந்த உயர்வைத் தருவது அந்த நியூரானின் மேலேயே இருக்கும் பீட்டா2 ஏற்பிகள். ஆகவே ஆல்ஃபா7 உதவலாம், ஆனால் பீட்டா2 இல்லாமல் அதனால் வேலையை முடிக்க முடியாது. மமேலி-என்வால் குழு 2006-இல், உயிருள்ள சுண்டெலிகளில் டோபமின் நியூரான்களின் துடிப்பைப் பதிவு செய்து, இதே படிநிலையைக் கண்டது. நியூரானை ஓய்விலிருந்து எழுப்புவது பீட்டா2. எழுந்த நியூரானின் துடிப்பை நுணுக்கமாக ஏற்றி இறக்குவது ஆல்ஃபா7.

இந்தத் தொடக்கக் கட்டத்துக்கு நடத்தைச் சான்றும் உண்டு. 1992-இல் ஷோயிப், ஸ்டோலர்மன் இருவரும், தினசரி நிகோடினோடு என்எம்டிஏவைத் தடுக்கும் எம்கே-801 சேர்த்துக் கொடுத்தால் எலிகளில் இந்த நடத்தை மாற்றம் மட்டுப்படுகிறது என்று காட்டினார்கள். 2003-இல் மலென்கா, போன்சி ஆகியோர் சேர்ந்த குழு, ஒரே ஒரு நிகோடின் ஊசிக்கு அடுத்த நாளே விடிஏ டோபமின் நியூரான்களில் குளுட்டமேட் இணைப்பு வலுத்திருப்பதைக் கண்டது. கொக்கைன், ஆம்ஃபெட்டமின், மார்ஃபின், மது எல்லாவற்றுக்கும் அதே மாற்றம்தான். எலி இன்னும் ஓடத் தொடங்கவே இல்லை, மாற்றம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

காபா தளர்ந்து குளுட்டமேட் நீடிக்கும் இந்த மான்ஸ்வெல்டர் விளக்கத்தைப் பாடநூல்கள் அப்படியே போடுகின்றன. அதில் ஒரு திருத்தம் வேண்டும். 2013-இல் டோலு குழு, நிகோடினின் ஈர்ப்புக்கு டோபமின் நியூரான்களிலும் காபா நியூரான்களிலும் பீட்டா2 ஏற்பிகள் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து தூண்டப்பட வேண்டும் என்று காட்டியது. காபா பக்கம் மரத்துப்போவது மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. காபா நியூரான்கள் டோபமின் துடிப்பைக் கொத்துக் கொத்தாக ஒழுங்குபடுத்துகின்றன, அந்த ஒழுங்கும் தேவை.

ஆல்ஃபா6-ஐப் பற்றிப் பலர் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள், அது சரியில்லை. ஆல்ஃபா4 மூளை முழுக்கப் பரவியிருக்கிறது, ஆல்ஃபா6 பெரும்பாலும் டோபமின் நியூரான்களிலும் வேறு சில இடங்களிலும் மட்டும் குவிந்திருக்கிறது. அதுவும் பீட்டா2-ஓடு சேர்ந்துதான் வேலை செய்கிறது. 2008-இல் பான்ஸ் குழு ஆல்ஃபா4, ஆல்ஃபா6, பீட்டா2, ஆல்ஃபா7 ஆகியவற்றைத் தனித்தனியாக நீக்கிய சுண்டெலிகளை ஒப்பிட்டது. முதல் மூன்றில் எது இல்லாவிட்டாலும் சுண்டெலிகள் நிகோடினைத் தாமே செலுத்திக்கொள்ளவில்லை. ஆல்ஃபா7 இல்லாதவை செலுத்திக்கொண்டன. அதே ஆண்டில் ட்ரெனன் குழு ஆல்ஃபா6-ஐ மிகைக்கூர்மையாக்கிய சுண்டெலிகளைச் செய்தது. அவை நிகோடின் இல்லாமலே துள்ளின, சிறு அளவு நிகோடினுக்கு இன்னும் ஓடின. சாதாரணச் சுண்டெலிக்கு நிகோடின் பொதுவாகத் தளர்ச்சியைத்தான் தரும் என்பதால் இது பெரிய விஷயம். பெரும்பாலும் டோபமின் நியூரான்களில் குவிந்திருக்கும் ஏற்பியைத் திறந்தால் ஓட்டம் வருகிறது என்றால், தளர்ச்சி வேறு எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம்.

நரம்பு முனையில் நடப்பதும் கூருணர்வின் வடிவத்தை மாற்றுகிறது. டோபமின் நரம்புகள் வந்து முடியும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில், டோபமின் முனைகளில் இருக்கும் பீட்டா2 ஏற்பிகளை நிகோடின் மரத்துப்போகச் செய்யும்போது, ஒற்றைத் துடிப்புக்கு வெளியாகும் டோபமின் குறைகிறது, வேகமான தொடர் துடிப்புக்கு வெளியாவது அப்படியே நிற்கிறது அல்லது கூடுகிறது. ரைஸ், கிராக் இருவரும் ஒரு பக்கமும், ஜாங், சுல்சர் இருவரும் இன்னொரு பக்கமும் 2004-இல் இதைக் காட்டினார்கள். பின்னணி இரைச்சல் அடங்கி, முக்கியமான செய்தி மட்டும் துல்லியமாகக் கேட்கிறது. பழகிய கூண்டு, ஊசி போடும் கை, அந்த அறையின் வாசனை போன்ற சூழல் அடையாளங்களோடு கூருணர்வு ஏன் இவ்வளவு இறுகப் பிணைகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்தவரை மிக நல்ல விளக்கம் இதுதான்.

இப்போது உங்கள் மூன்றாவது கட்டுரை. நிகோடின் தொடர்ந்து கிடைத்தால் மூளையில் நிகோடினைப் பிடிக்கும் இடங்கள் பெருகுகின்றன என்பது 1983-இல் இரண்டு ஆய்வகங்கள் தனித்தனியே கண்டது. புகைப்பவர்களின் மூளைத் திசுவிலும் 1988-இல் அது உறுதியானது. நியூரானுக்குள்ளேயே நுழையும் நிகோடின், ஆல்ஃபா4பீட்டா2 துணையலகுகள் ஒன்றுசேர்வதற்குத் துணை நிற்பதால் இது நிகழ்கிறது. மரபணு கூடுதலாக வேலை செய்ய வேண்டிய அவசியம் இல்லை. எல்லாம் சரி. ஆனால் பெருக்கம் பொதுவாக நிகோடின் நீண்ட நேரமோ அடிக்கடியோ கிடைக்கும்போது நிகழ்கிறது, கூருணர்வுக்கோ நீண்ட இடைவெளி விட்டுக் கொடுப்பதே போதும். மில்லர் குழு 2001-இல் வாரம் ஒரே ஒரு ஊசியிலேயே நீடித்த கூருணர்வை எலிகளில் உண்டாக்கியது. மறுபக்கம், நிகோடினை இடைவிடாமல் உடலில் கசியவிட்டால் டோபமின் பதிலே மரத்துப்போகிறது என்று பென்வெல் குழு 1995-இல் காட்டியது. பெருக்கத்துக்கு நல்ல சூழல் கூருணர்வுக்குக் கெட்ட சூழலாக இருக்கிறது. மேலும், புகையை விட்டவர்களின் மூளையில் இந்த எண்ணிக்கை 6 முதல் 12 வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. கூடுதல் ஏற்பிகள், நிகோடினை நிறுத்தும்போது வரும் விலகல் அவதியோடு தொடர்புடையவை என்று சொன்னால் ஏற்றுக்கொள்வேன். எலியின் ஓட்டத்தை அவற்றின் கணக்கில் எழுத மாட்டேன்.

விடிஏவில் தொடங்கிய மாற்றம் நாளடைவில் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸுக்கு நகர்கிறது. அங்கே கடோனி, டி கியாரா இருவரும் 2000-இல் கண்டது, கூருணர்வு பெற்ற எலிகளில் டோபமின் பதில் உள்மையத்தில் கூடுகிறது, வெளி ஓட்டில் குறைகிறது என்பது. டோபமின் கூடியது என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது ஏன் ஆபத்து என்று இதிலிருந்தே தெரியும். லெ ஃபோல் குழு 2003-இல், கூருணர்வோடு டோபமின் டி3 ஏற்பிகள் கூடுவதையும் கண்டது.

ஆல்ஃபா5 பற்றிச் சுருக்கமாக. அது மூளையில் மீடியல் ஹபெனுலா என்ற பகுதியிலிருந்து இன்டர்பெடன்குலர் கரு என்ற பகுதிக்குப் போகும் பாதையில் வேலை செய்கிறது, அதிக நிகோடின் வெறுப்பைத் தரும்படி செய்கிறது. ஃபவுலர், கென்னி குழு 2011-இல், ஆல்ஃபா5 நீக்கிய சுண்டெலிகள் மிக அதிக அளவையும் தயங்காமல் எடுத்துக்கொள்வதைக் காட்டியது. மனிதரில் இந்த மரபணுவில் ஒரு பொதுவான மாற்றம் உண்டு. புகைப்பவர்களில் அதன் ஒவ்வொரு பிரதிக்கும் நாளொன்றுக்குச் சுமார் ஒரு சிகரெட் கூடுகிறது. கூருணர்வை இது நேரடியாக உருவாக்குவதில்லை. எவ்வளவு நிகோடின் உள்ளே போகும் என்பதைத் தீர்மானிப்பதன் வழியே மறைமுகமாகத் தொடுகிறது.

இன்னொரு விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். நிகோடின் மட்டும் தினமும் கொடுத்த எலிகளில் கூருணர்வு சில நாட்களில் மங்குவதை வில்லேஜியே குழு 2003-இல் கண்டது. டோபமின் போன்றவற்றைச் சிதைக்கும் நொதியான மோனோஅமைன் ஆக்ஸிடேஸைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தபோது அது நீடித்தது. புகையிலைப் புகையில் அந்த நொதியைத் தடுக்கும் பொருட்கள் இருக்கின்றன. புகைப்பவர்களின் மூளையில் அதன் பி வகை சுமார் 40 சதவீதம் குறைவு என்று 1996-இலேயே தெரிந்துவிட்டது. ஏற்பிகளை மட்டும் பார்த்தால் சிகரெட்டின் பாதியைத்தான் பார்த்தவர்கள் ஆவோம்.

கடைசியாக, கட்டுரைகளைப் படிக்கும் முறை. ஒவ்வொன்றிலும் தடுப்பான் தினசரி ஊசிகளோடு கொடுக்கப்பட்டதா, இறுதிச் சோதனை நாளில் மட்டும் கொடுக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். முதலாவது உருவாவதைப் பற்றிச் சொல்கிறது, இரண்டாவது வெளிப்படுவதைப் பற்றி. அப்புறம் விலங்கு எலியா சுண்டெலியா என்று பாருங்கள், சுண்டெலியில் தளர்ச்சி ஓட்டத்தை மூடிமறைத்துவிடும். உப்புநீர் மட்டும் பெற்ற எலிகளுக்கும் அதே நாளில் முதல் நிகோடின் ஊசி போட்டு ஒப்பிட்டார்களா என்பதும் முக்கியம். மெதில்லைகாகோனிட்டினை வைத்து ஆல்ஃபா7 என்று முடிவு கட்டியிருந்தால் அளவைத் தேடிப் படியுங்கள், ஏனென்றால் ஸ்ட்ரையேட்டத்தின் டோபமின் முனைகளில் இருக்கும் ஆல்ஃபா6 வகையையும் அது தடுக்கிறது என்று 2002-இல் தெரியவந்தது. அதற்கு முன் வெளியான கட்டுரைகளில் ஆல்ஃபா7 என்று எழுதியிருக்கும் சில இடங்களில் உண்மையில் வேலை செய்தது ஆல்ஃபா6-ஆக இருக்கலாம்.